வில்லா மரியாவில் ஒரு ஞாயிறு

அன்பு மாப்ள,

உன் கடிதம் வந்து நாலு மாதமாகிறது. பதில் போடாதது தப்புதான், திட்டிக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று தங்கச்சி சொன்னாள். நிம்மதி. இங்கே கம்பாலாவில் எல்லாரும் சுகம், மழைதான் விட்டபாடில்லை. கணக்கு சாருக்கு என் வணக்கத்தைச் சொல். குட்டையனிடம் அந்த ஏலக் கோழிக் காசு பாக்கி இருக்கிறது, மறக்கவில்லை என்று சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு மசாகா பக்கம் வில்லா மரியாவுக்குப் பூசைக்குப் போயிருந்தேன். கம்பாலாவிலிருந்து மசாகா 130 கிலோமீட்டர், வழியில் பூமத்திய ரேகையைத் தாண்டிப் போக வேண்டும். பெரிய செங்கல் கோயில். தோளில் கூம்பாக நிற்கும் கோமேசி என்ற நீள உடை உடுத்திய பாட்டிமார் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். காணிக்கை நேரத்தில் ஒருத்தி வாழைத்தாரைத் தலையில் சுமந்து வந்தாள், பின்னாலேயே ஒரு பையன் கோழியோடு. பூசை முடிந்ததும் வாசலில் அத்தனையும் ஏலம்! அந்தத் தாருக்கு இரண்டு பேர் போட்டி போட்டு ஏற்றியதைப் பார்த்ததும் எனக்கு நம்ம கோயில் வாசல்தான் ஞாபகம் வந்தது. அப்போதே உனக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது.

நீ எழுதியிருந்தாயே, உபதேசியார் இறந்த பிறகு கிளைப்பங்கு படுத்துவிட்டது, சாமியார் மாசத்துக்கு ஒருமுறைதான் வருகிறார், அதனால் பங்குப் பேரவையிலிருந்து விலகப் போகிறேன் என்று. படித்த அன்றே எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேனோ என்னவோ. மசாகா கதையைக் கொஞ்சம் கேள்.

ஒயிட் ஃபாதர்ஸ் சபையின் லூர்தெல் சாமியார் 1879 பிப்ரவரியில் உகாண்டாவில் வந்து இறங்கினார். பிரெஞ்சில் 'மொன் பேர்' என்று கூப்பிடுவதைக் கேட்டு மக்கள் அவருக்கு மபேரா என்றே பேர் வைத்துவிட்டார்கள். நாலு வருஷம்கூட நிலைக்கவில்லை, 1882 கடைசியில் சாமியார்கள் எல்லாரும் விக்டோரியா ஏரிக்குத் தெற்கே போய்விட்டார்கள். திரும்பி வந்தது 1885-ல். நடுவில் கிட்டத்தட்ட மூன்று வருஷம் பூசை கிடையாது, பாவசங்கீர்த்தனம் கிடையாது. ஆனால் சாமியார்கள் திரும்பியபோது கூட்டம் குறையவில்லை, வளர்ந்திருந்தது! அரண்மனை ஊழியர்களும் குடியானவர்களும் தாங்களே ஒருவருக்கொருவர் மந்திரம் சொல்லிக்கொடுத்து வளர்த்தது. அடுத்த வருஷம், 1886 மே மாதம், முவாங்கா ராஜா கிறிஸ்தவர்களைக் கொல்லத் துணிந்து, மரணம் வாசலில் நிற்கிறது என்று தெரிந்ததும் அரண்மனை ஊழியர் சார்லஸ் லுவாங்கா தன் கையாலேயே சிறுவன் கிசிட்டோவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். லுவாங்கா குருவா? இல்லை. உன்னை மாதிரி, என்னை மாதிரி ஒருவர். ஜூன் 3-ஆம் தேதி நமுகோங்கோவில் இருவரையும் எரித்தார்கள்.

அப்புறம் 1892-ல் ராஜாவின் தலைநகர் மெங்கோவில் கத்தோலிக்கர்களுக்கும் பிராட்டஸ்டண்டுகளுக்கும் சண்டை. பிரிட்டிஷ் அதிகாரி லுகார்டின் மாக்சிம் துப்பாக்கி பிராட்டஸ்டண்ட் பக்கம் நின்றதால் கத்தோலிக்கர்கள் தோற்று, தென்மேற்கே புத்து மாகாணத்துக்குப் போய்க் குடியேறினார்கள். லுவாங்கா வளர்ந்த சீமை அது. அந்தப் புத்துதான் இன்றைய மசாகா மறைமாவட்டத்தின் மையம். தோற்றுப் போனவர்கள் கட்டிய மறைமாவட்டம், மாப்ள.

அங்கே ஸ்ட்ரைக்கர் என்ற பிரெஞ்சு மிஷனரிச் சாமியார் பிடிவாதமாக ஒரே வேலையைச் செய்தார். உள்ளூர்ப் பையன்களைக் குருமடத்தில் சேர்த்து, லத்தீன் படிக்கவைத்து, வருஷக்கணக்கில் காத்திருந்தார். 1893-ல் சிறுகுருமடம் தொடங்கியது. முதல் இரண்டு பேருக்குக் குருப்பட்டம் கொடுத்தது 1913-ல், வில்லா மரியாவிலேயே. இருபது வருஷம்! நமக்கு ஒரு ஜெபக்கூட்டத்துக்கு நாலு பேர் வராவிட்டால் மனசு ஒடிந்துவிடுகிறது.

1939-ல் மசாகாவைத் தனி ஆட்சிப்பகுதியாகப் பிரித்தார்கள். அக்டோபர் 29 அன்று ரோமில் பன்னிரண்டாம் பயஸ் பாப்பானவர், ஜோசப் கிவனுகாவுக்கு ஆயர் பட்டம் கொடுத்தார். இந்தக் காலத்தில் லத்தீன் வழிபாட்டு முறையில் ஆயரான முதல் கறுப்பு ஆப்பிரிக்கர் அவர். பங்குகள் அனைத்தும் உள்ளூர்க் குருக்கள் கையில். வெள்ளைக்காரக் குருக்கள் விலகிக்கொண்டார்கள், கட்டிகொண்டோ பெரிய குருமடத்தில் பாடம் நடத்துகிறவர்கள் மட்டும் இருந்தார்கள். ஓய்வு பெற்ற ஸ்ட்ரைக்கர் 1952-ல் சாகும்வரை வில்லா மரியாவில், தன் பிள்ளைகளின் ஆட்சிக்குக் கீழேதான் வாழ்ந்தார். எனக்குக் கண் கலங்கிய இடம் அது.

நம்ம தூத்துக்குடியின் முதல் ஆயர் ரோச் ஆண்டகையை நினைத்துப் பார். 1923-ல் தூத்துக்குடியை உள்ளூர்க் குருக்களிடம் ஒப்படைத்தபோது அவர் சேசுசபைக்காரர். கிவனுகா ஒயிட் ஃபாதர். இரண்டு பேருமே மிஷனரிகளின் சபையில் சேர்ந்து, மிஷனரிகள் நின்ற இடத்தில் நின்றவர்கள்.

கிவனுகா செய்ததில் உனக்கு முக்கியமானது ஒன்று உண்டு. பங்குக்குப் பங்கு மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பேரவைகளையும், பள்ளிக்கூடங்களுக்குப் பெற்றோர் சங்கங்களையும் ஏற்படுத்தினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடுவதற்கு முன்னாலேயே! 1953-ல் மசாகா முறையான மறைமாவட்டமானது. 1960-ல் அவர் ருபாகா பேராயராகப் போனார். அதற்குப் பின் துங்கு, கக்வா, இப்போது ஜ்ஜும்பா என்று அங்கே வந்த ஆயர்கள் எல்லாருமே மண்ணின் பிள்ளைகள்தான்.

சுகமான கதை என்று நினைக்காதே. 1979 போரில் மசாகா நகரம் இடிந்து கிடந்தது. அதே மறைமாவட்டத்தின் ராக்காய் பக்கத்தில் எய்ட்ஸ் வந்து வீடு வீடாகச் சாவு விழுந்தது. 1987-லிருந்து கிட்டோவு ஆஸ்பத்திரிக்காரர்களும் ஊர்த் தொண்டர்களும் குடிசை குடிசையாகப் போய் மருந்து கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களைத் தேடிப் போனார்கள்.

இன்றைக்கும் கிளைப்பங்குகளில் பாதி ஞாயிறு உபதேசியார்தான் ஜெபம் நடத்துகிறார். நான் பார்த்தவருக்கு அறுபது வயதிருக்கும். தேய்ந்த செருப்பு, அக்குளில் உறை போட்ட பைபிள். சைக்கிளில் மூன்று ஊர் சுற்றுகிறாராம்.

ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டாயா? கொடுக்காவிட்டால் கிழித்துப் போடு. கோயில் சாவி இன்னும் உன் வீட்டு ஆணியில்தானே தொங்குகிறது? வருகிற ஞாயிறு போய்த் திற. வாசகத்தை உன் மகளைப் படிக்கச் சொல், அவளுக்குக் கணீரென்ற குரல். பத்துப் பேர் வந்தாலும் போதும். பனிமயத் தாய் திருவிழாவுக்கு நான் வருகிறேன், டிக்கெட் போட்டுவிட்டேன். மசாகா காப்பிக்கொட்டை எத்தனை கிலோ வேண்டும் என்று எழுது.

உன்
பழைய பெஞ்சுக் கூட்டாளி