ஹாலிவுட் நடிகர் ஜே.டி. வால்ஷுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள வால்ஷ் அவர்களுக்கு,

இன்று பிப்ரவரி 27. 1998-இல் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோன நாள். நடித்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், பட்டியல் போடவில்லை. 'பிரேக்டவுன்' படத்தில் வரும் அந்த நடுரோட்டுக் காட்சியைப் பற்றிப் பேச வேண்டும்.

நாயகன் கர்ட் ரஸ்ஸல் உங்கள் லாரியை மறித்து, என் மனைவி எங்கே என்று கேட்கிறார். போலீஸ்காரரும் வந்துவிடுகிறார். இந்த ஆளை நான் பார்த்ததே இல்லை என்கிறீர்கள். பதற்றமே இல்லை; சரக்கு இறக்க நேரமாகிறதே என்ற சலிப்பு மட்டும்தான். அந்தப் பெண் உங்கள் லாரியில் ஏறியதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆனாலும் ஒரு நொடி, நாம்தான் தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று தோன்றிவிட்டது! அப்புறம் வீட்டில் மனைவி, மகனோடு இருக்கும்போதும் அதே ஆள்தான். கெட்டவன் என்பதற்கு முகத்தில் ஓர் அடையாளமும் கிடையாது. அதுதான் இன்றுவரை என்னைப் பயமுறுத்துகிறது.

மன்னியுங்கள், நினைவுநாளில் வில்லனைத்தான் முதலில் எடுத்தேன். ஆனால் நீங்கள் அவனை அப்படிச் செய்திருந்தால் நான் என்ன செய்ய? 'எ ஃபியூ குட் மென்' மார்க்கின்சனையும் மறக்கவில்லை. குற்ற உணர்வில் உள்ளுக்குள்ளேயே நொறுங்கிப்போன அந்த ராணுவ அதிகாரியைப் பார்த்தால் மனசு கனத்துவிடும். 'ஸ்லிங் பிளேடு' தொடக்கத்தில் நாற்காலியைத் தரையில் இழுத்துக்கொண்டு வருகிறாரே ஒருவர், அவர் வாயைத் திறந்ததும் குமட்டுகிறது. இரண்டும் ஒரே முகமா!

உங்கள் சொந்த வாழ்க்கைக்குள் நான் போகவில்லை. நாலு பேர் படிக்கிற இடம் இது.

நீங்கள் போன மறுமாதம் ஜாக் நிக்கல்சன் ஆஸ்கர் மேடையில் உங்கள் பெயரைச் சொன்னார். கேட்கச் சந்தோஷம்தான். ஆனால் அந்த ஆஸ்கர் உங்களை ஒரு தடவைகூடப் பரிந்துரைக்கவில்லை. ஐம்பதுக்கு மேல் வேடங்கள், ஒவ்வொன்றிலும் பக்கத்தில் நிற்கும் ஆள்.

கோபம் உங்கள் மேலும்தான். 54 எல்லாம் ஒரு வயதா? 1999 ஜனவரியில் 'தி சோப்ரானோஸ்' தொலைக்காட்சித் தொடர் வந்தது. நடுவயதைத் தாண்டிய, நல்லவனா கெட்டவனா என்று பிடிபடாத ஆண்களை வைத்தே தொலைக்காட்சி முழுத் தொடர்களை எடுக்க ஆரம்பித்தது. அதெல்லாம் நீங்கள் ஏற்கெனவே பத்து நிமிடக் காட்சிகளில் செய்து காட்டியவை. இன்னும் ஒரு வருடம் இருந்திருக்கக் கூடாதா?

உங்கள் ரசிகன்