புலிக்குப் போட்டி புலிதான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டம் பற்றிய கட்டுரை படித்தேன். 'புலி பெருகினால் சிறுத்தைக்குக் காட்டில் இடமில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அப்படியானால் புலிகள் நிறைந்த முதுமலையில் சிறுத்தையும் செந்நாயும் எப்போதோ காணாமல் போயிருக்க வேண்டுமே!

புலி காட்டெருமை, கடமான் என்று பெரிய உருப்படியாகப் பார்க்கும். சிறுத்தைக்குப் புள்ளிமான், குரங்கு போதும். அடித்ததை மரத்தில் ஏற்றிவிடும். செந்நாய்க் கூட்டம் பெரும்பாலும் பகலில் வேட்டையாடும். புலி சிறுத்தையைக் கொல்லாதா என்றால், கொல்லும். ஆனால் ஓர் ஆண் புலி தன் எல்லைக்குள் இன்னோர் ஆண் புலியைத்தான் சுத்தமாகப் பொறுக்காது. புலிக்கு மூக்கணாங்கயிறு போடுவது முதலில் புலிதான். அந்த இடைவெளியில்தான் மற்றவை பிழைக்கின்றன.

1930களில் ரஷ்ய உயிரியலாளர் காஸ் (Gause) இரண்டு வகைப் பாரமீசியத்தை (கண்ணுக்குத் தெரியாத ஒரு செல் உயிரி) ஒரே குழாயில் வளர்த்தார், ஒரே உணவுக்கான போட்டியில் ஒன்று அழிந்தது. வகுப்பில் முப்பது வருடம் நானும் அதோடு நிறுத்திக்கொண்டேன். அவரே வேறொரு ஜோடியை விட்டபோது ஒன்று மேலேயும் மற்றது அடியிலேயும் தின்று இரண்டும் பிழைத்ததைச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

எங்கள் வீட்டுக்குப் பின்னால், சோலை ஓரத்தில் ஒரு காட்டு நாவல் மரம். மழைக்குப் பிறகு அதன் அடியில் கீரைப் பாத்தி போல நாற்று முளைக்கும். தை பிறப்பதற்குள் இலையில் பூஞ்சைப் புள்ளி, தண்டில் புழு, முக்கால்வாசி காலி. பக்கத்திலேயே, அதே நிழலில், வேறு மரக் கன்றுகள் தெம்பாக நிற்கும். தாய் மரத்தை அண்டியிருக்கும் பூச்சியும் பூஞ்சையும் அதன் சொந்தக் கன்றைத்தான் தேடிப்போகும் என்று ஜேன்சன், கானல் என்ற சூழலியலாளர்கள் இருவரும் 1970, 71இல் தனித்தனியே எழுதினார்கள். ஒரே மரம் காட்டை வளைத்துப்போடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சீகை மரத்துக்கு (சீகைக்காய் அல்ல, வாட்டில் என்கிறோமே அது) இந்தக் கடிவாளம் இல்லை. (கட்டுரையில் சீகைத் தோப்பையும் காடு என்றே எழுதியிருந்தீர்கள்!) ஆஸ்திரேலியாவிலிருந்து அதைக் கொண்டுவந்தவர்கள் அதன் பூச்சிகளைக் கொண்டுவரவில்லை. தாய் மரத்தடியிலேயே கன்றுகள் நெருக்கியடித்து எழுகின்றன. தீ வைத்தால், மண்ணில் பல வருடம் கிடந்த விதையும் சேர்ந்து முளைக்கிறது. நீலகிரியின் புல்வெளி போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, சிறுத்தை தோட்டத்துக்கு ஏன் வருகிறது? எங்கள் தெருமுனையில் கறிக்கடைக் கழிவு கொட்டுகிறார்கள். அதைத் தின்னப் பத்துப் பதினைந்து நாய்கள். போன மாதம் அதில் இரண்டைக் காணோம். அடுத்த கட்டுரையில் அந்தக் குப்பைமேட்டுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கோத்தகிரி