டிராவலாக் போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போட்டிக் குழுவினருக்கு,

வணக்கம். பயண அனுபவங்களுக்கான 'டிராவலாக்' பிரிவுக்கு என் பெரியம்மா அனுப்பிய ஒலிப்பதிவையும் படங்களையும் ஏன் தள்ளினீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். "லாக் என்றால் பதிவேடு, எழுதியதை மட்டுமே ஏற்போம்" என்று பதில் போட்டிருந்தீர்கள். பேசி அனுப்பியதையும் ஏற்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

பக்கவாதம் வந்த பிறகு பெரியம்மாவின் வலது கையில் பேனா நிற்பதில்லை. வாய்க்கு ஒரு குறையும் இல்லை. காசிக்குப் போகும் வழியில், இடார்சி ஸ்டேஷனில் மாத்திரை போட வெந்நீர் வேண்டும், இந்தி வராது. "மாத்திரையைக் காட்டினேன், அப்புறம் வெறும் டம்ளரை உஃப் உஃப்னு ஊதிக் காட்டினேன். டீக்காரன் சிரிச்சுக்கிட்டே ஊத்தினான், காசு வாங்கல" என்கிறார். அந்த ஊதலும் பதிவில் கேட்கும். யாரையாவது எழுதச் சொல்லி அனுப்பலாமே என்று போனில் யோசனை சொன்னீர்கள். அந்த ஊதலை நான் எப்படி எழுதுவது? எழுதினாலும், 'சொந்தப் படைப்பாக இருக்க வேண்டும்' என்ற உங்கள் விதி என்ன ஆவது?

சரி, உங்கள் 'லாக்'குக்கு வருகிறேன். சிகாகோக்காரர் பர்ட்டன் ஹோம்ஸ் நாடு நாடாகச் சுற்றிப் படம் எடுத்து வருவார். கையால் வண்ணம் தீட்டிய கண்ணாடி ஸ்லைடுகளைத் திரையில் காட்டிக்கொண்டே மேடையில் பேசுவார். 'லெக்சர்' என்றால் ஜனம் ஓடிவிடும் என்று, 1904-ஐ ஒட்டி அவரது நிகழ்ச்சிகளுக்கு வைத்த பெயர்தான் 'டிராவலாக்'. டிராவலோடு மோனோலாக் சேர்ந்தது. பயணத்தைப் பற்றி ஒருவர் தனியாகப் பேசுவது. அதன் வால் 'பேச்சு' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நீங்கள் சொல்லும் பதிவேடு கப்பல்காரர்களுடையது: வேகம் அளக்கக் கடலில் வீசிய மரக்கட்டைதான் அந்த 'லாக்'; அந்த அளவைக் குறித்து வைத்த ஏட்டுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. புத்தகங்களுக்கு டிராவலாக் என்ற பெயர் பிற்பாடு வந்தது. ஆக, ஹோம்ஸே விண்ணப்பித்திருந்தாலும் உங்களிடம் தகுதி பெற்றிருக்க மாட்டார்.

'மூத்த குடிமக்களை வரவேற்கிறோம்' என்று போஸ்டரில் கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். உள்ளே போனால் எழுத்துரு, வரி இடைவெளி, பக்க ஓரம் என்று விதிகள். யாரை வரவேற்கிறீர்கள், டிடிபி சென்டர்களையா?

மன்னிக்கவும், சூடாகிவிட்டேன். பேச்சுப் பதிவுகளையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பெரியம்மாவின் பதிவை ஒரு தடவை முழுதாகக் கேளுங்கள். பரிசு கிடைக்காவிட்டால் பரவாயில்லை. இறுதிப் பட்டியலுக்கு முன் பதில் தெரிவித்தால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
அவருக்காகப் படங்களை வரிசைப்படுத்தித் தந்த மகள் முறைக்காரி