பத்து மாதம் கழித்து, மலருக்கு

அன்புள்ள மலர்,

திட்டுவாய், தெரியும். திட்டி முடித்துவிட்டு மேலே படி. போன ஜூனில் நீ அவ்வளவு நீளமாக எழுதிய மெசேஜுக்கு நான் அனுப்பியது ஒரு கட்டைவிரல் படம். அதற்குப் பிறகு உன் பிறந்தநாளுக்குக்கூடக் கூப்பிடவில்லை. வீடு மாறினோம், மாமியார் வந்திருந்தார், ஆபீசில் ஆள் குறைத்தார்கள் என்று காரணமெல்லாம் கைவசம் இருக்கிறது. நிஜம் என்னவென்றால், நீ கேட்டதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே எல்லோரும் சௌக்கியம். நிலாவுக்கு கார் லைசென்ஸ் வந்துவிட்டது, எனக்குத் தூக்கம் போய்விட்டது. அம்மாவின் முட்டி எப்படி இருக்கிறது? கரப்பான் சரோஜாவைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு நிலாவை ஓட்டச் சொல்லி (உயிரோடுதான் இருக்கிறேன்) அட்லாண்டாவிலிருந்து டேட்டன் போனோம். டென்னசி மாநிலம், சட்டனூகாவுக்கு வடக்கே ஓர் அறுபது கிலோமீட்டர். சின்சினாட்டி நகரம் தன் சொந்தக் காசில் தெற்கு நோக்கி ஒரு ரயில்பாதை போட்டதே, அது இந்த வழியாகப் போகிறது. ரயில் வந்ததால் இரும்புச் சூளையும் நிலக்கரிச் சுரங்கமும் வந்தன, 1891-இல் செங்கல்லில் மணிக்கூண்டு வைத்து ரே கவுண்டி கோர்ட்டும் வந்தது. சூளையும் சுரங்கமும் போய்ச் சேர்ந்துவிட்டன. ஊருக்குள் போகும் வழியில் கேட் போட்டிருந்தான், சரக்கு வண்டி. நிலா போனை எடுத்தாள், நான் பெட்டிகளை எண்ண ஆரம்பித்தேன். நூற்றுப் பன்னிரண்டு. நீ பக்கத்தில் இருந்திருந்தால் நூற்றுப் பதினாலு என்று அடம் பிடித்திருப்பாய்.

ஊர்ப் பெயரைப் பார்த்ததும் உனக்குப் புரிந்திருக்கும். குரங்கு வழக்கு! ஸ்கூலில் நம்ம கோணவாய் சார் வருஷா வருஷம் கையைக் காலை ஆட்டிச் சொல்வாரே, பரிணாமம் நடத்திய வாத்தியாரைப் பிடித்து உள்ளே போட்டார்கள், அவருக்காக டாரோ என்கிற வக்கீல் வந்து, அரசுத் தரப்பில் நின்ற பிரையனைக் கிழித்துத் தொங்கவிட்டார், அறிவியல் ஜெயித்தது என்று. அதில் பாதி கதைடீ.

யாரையும் உள்ளே போடவில்லை. 1925 மார்ச்சில் டென்னசியில் சட்டம் வந்தது, அரசுப் பள்ளியில் மனிதன் கீழ்விலங்கிலிருந்து வந்தான் என்று சொல்லித்தரக் கூடாது என்று. அதை எதிர்த்து வழக்குப் போட முன்வரும் ஆசிரியருக்கு உதவுகிறோம் என்று நியூயார்க்கிலிருந்த சிவில் உரிமைச் சங்கம் அறிவித்தது. செய்தியைப் பேப்பரில் பார்த்த டேட்டன் பெரிய மனிதர்கள் நாலு பேர் மருந்துக்கடையில் உட்கார்ந்து பேசினார்கள்: வழக்கு நம்ம ஊரில் நடந்தால் கூட்டம் வரும், படுத்துக் கிடக்கிற வியாபாரம் எழுந்திருக்கும். டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்த ஸ்கோப்ஸ் என்கிற வாத்தியாரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். 24 வயது, ஃபுட்பால் கோச். உயிரியல் வாத்தியார்கூடக் கிடையாது, உடம்பு சரியில்லாமல் போன ஒருவருக்குப் பதிலாகக் கொஞ்ச நாள் அந்த வகுப்பைப் பார்த்துக்கொண்டவர். பரிணாமம் இருந்த அந்தப் பாடப்புத்தகம் மாநில அரசே அனுமதித்தது, விற்பனையும் அதே மருந்துக்கடையில்தான். கடைக்காரர் ராபின்சன் பள்ளிக் குழுவின் தலைவரும்கூட! அந்தப் புத்தகத்திலேயே மனிதர்களில் உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் என்கிற குப்பையும் இருந்தது. கோணவாய் சார் அதை நம்மிடம் சொன்னதே இல்லை.

இன்னொன்று கேள். அந்தப் பாடத்தை நடத்தினேனா இல்லையா என்று ஸ்கோப்ஸுக்கே சரியாக நினைவில்லை. அதனாலேயே அவருடைய வக்கீல்கள் அவரைக் கூண்டில் ஏற்றாமல் பார்த்துக்கொண்டார்கள்.

கோர்ட் ஹால் மாடியில். மரத்தரை, நடந்தால் நம்ம லேப் மாதிரி முனகுகிறது. உயரமான ஜன்னல்கள், அந்தக் காலத்து மர நாற்காலிகள். நாங்கள் போனபோது வேறு யாரும் இல்லை. நடுவரிசையில் ஒன்றில் உட்கார்ந்தேன், கைப்பிடி அவ்வளவு வழுவழுப்பு, எத்தனை உள்ளங்கை வியர்த்துத் தேய்ந்ததோ. ஜூலை வெயிலில் இந்த அறைக்குள் விசிறியும் கையுமாக ஊரே அடைந்து கிடந்திருக்கிறது, நூற்றுக்கும் மேற்பட்ட பத்திரிகைக்காரர்கள், சிகாகோ ரேடியோவின் மைக்குகள், வெளியே கோட்டு சூட்டு மாட்டிய சிம்பன்சி. தரை தாங்காது என்று பயந்து கடைசியில் புல்வெளிக்கு மாற்றினார்கள், டாரோ பிரையனைக் குடைந்ததெல்லாம் அங்கே மரத்தடியில்தான். இதில் எனக்குப் பிடித்த கூத்து ஜூரிதான். பன்னிரண்டு பேரும் முதல் வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம் என்று ஆசையாக வந்திருக்கிறார்கள், முக்கியமான வாதம் வரும்போதெல்லாம் நீதிபதி அவர்களை வெளியே அனுப்பிவிட்டார். ஒன்பது நிமிஷத்தில் தீர்ப்பு, குற்றவாளி. டாரோவே அதைத்தான் கேட்டார், மேல் கோர்ட்டுக்குப் போகவேண்டுமே. நூறு டாலர் அபராதம். மேல் கோர்ட் 1927-இல் என்ன செய்தது தெரியுமா? ஐம்பது டாலருக்கு மேல் அபராதத்தை ஜூரிதான் விதிக்கணும், நீதிபதி விதித்தது செல்லாது என்று சொல்லி வழக்கைக் கழற்றிவிட்டது. சட்டம் அப்படியே இருந்தது. 1967 வரைக்கும்.

ஜெயித்தது யார் என்று நிலா கேட்டாள். எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. வழக்கு முடிந்து ஐந்தாம் நாள் பிரையன் இதே ஊரில் மத்தியானத் தூக்கத்திலேயே செத்துப்போனார், அவர் பேரில் இங்கே ஒரு கல்லூரி இருக்கிறது. கோர்ட் வாசலில் அவருக்கும் சிலை, டாரோவுக்கும் சிலை. ஆனால் அந்தப் பாடப்புத்தகம் இருக்கிறதே, அடுத்த திருத்தப் பதிப்பில் பரிணாமம் என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். யாரும் கோர்ட்டுக்கு இழுக்கவில்லை, சத்தமே இல்லாமல் போய்விட்டது.

அங்கேதான் உன் மெசேஜ் ஞாபகம் வந்தது.

பத்தாம் வகுப்பு என்சிஇஆர்டி புத்தகத்தில் 'மரபுவழியும் பரிணாமமும்' என்று இருந்த பாடம் 2023-இல் வெறும் 'மரபுவழி' ஆனபோது இங்கேயும் செய்தி வந்தது, 1,800 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதினார்கள், நானும் ஃபார்வர்ட் செய்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். பன்னிரண்டாம் வகுப்பில்தான் இருக்கிறதே என்று சமாதானம் வேறு. பத்தோடு உயிரியலை விடுகிற பிள்ளைக்கு எங்கே இருக்கிறது என்று நீதான் கேட்டாய். பழைய புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து இரண்டு பீரியட் நடத்தியிருக்கிறாய். ஓர் அப்பா புகார் செய்து, பிரின்சிபால் கூப்பிட்டு, புத்தகத்தில் இல்லாததை எதற்கு என்று கேட்டு, எழுதிக் கொடுக்கச் சொல்லி. நான் செய்தது தப்பாடீ என்று கேட்டிருந்தாய். நான் கட்டைவிரலைக் காட்டினேன்.

அந்த வழக்கில் பதினாலு வயதுப் பையன் ஒருவன் சாட்சி. இந்தப் பாடத்தால் உனக்கு ஏதாவது கெடுதல் வந்ததா என்று டாரோ கேட்டார், இல்லை என்றான். உன் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அதைக் கேட்டார்களா? ஸ்கோப்ஸ் நடத்தினாரா என்பதே சந்தேகம், அவருக்காக ஒரு ஊரே திரண்டது. நீ நிஜமாகவே நடத்தினாய், உனக்கு வந்தது பெரிய ஆச்சரியக்குறி போட்ட ஒரு மெமோ. என்னால் மெசேஜில் நாலு வரி எழுத முடியவில்லை. தப்பு இல்லைடீ. பத்து மாதம் முன்னாலேயே சொல்லியிருக்கணும்.

அதற்காக உன்னைப் பெரிய தியாகி என்றெல்லாம் சொல்ல மாட்டேன். உன்னைக் கூண்டில் ஏற்றியிருந்தால் விடாமல் இரண்டு மணி நேரம் பேசியிருப்பாய், ஜூரி தாங்களாகவே வெளியே போயிருப்பார்கள்.

எழுதிக் கொடுத்தாயா, இல்லையா? சனிக்கிழமை உன் நேரம் காலை பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன். எடுக்காவிட்டால் தவளை கேஸை சரோஜாவிடம் சொல்லிவிடுவேன். அப்புறம், அந்த ஜெராக்ஸில் ஒரு செட்டைப் படம் பிடித்து அனுப்பு. நிலா கேட்கிறாள்.

உன்,
வசந்தி