இது எந்த சாப்டர் கணக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் கல்லூரி மாணவர்களுக்காகக் கணிதம், இயற்பியல், வேதியியல் பயிற்சி வினாக்களை வெளியிட்டு வருகிறீர்கள். பெங்களூரில் பட்டப்படிப்பு படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளையும் நினைத்துப் பார்க்க ஒரு பத்திரிகை இருக்கிறதே என்று சந்தோஷம். கையோடு ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். மேலே ‘வகைக்கெழுச் சமன்பாடுகள்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு. கீழே பத்துக் கணக்கு, பத்தும் ஒரே சாயல். மூன்றாவதைப் போட்டவன் பத்தாவதைத் தூக்கத்தில்கூடப் போட்டுவிடுவான். அந்தத் தலைப்பை எடுத்துவிடுங்கள், கணக்குகளைக் கலந்து போடுங்கள் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவள். இப்போது அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் பி.எஸ்சி. பிள்ளைகளுக்குச் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். ஸ்ரீராமபுரம், விவேக் நகர், ஆஸ்டின் டவுன் என்று பல இடங்களிலிருந்து வருகிறார்கள். பெரும்பாலும் பி.சி.எம்., அதாவது இயற்பியல், வேதியியல், கணிதம் சேர்ந்த பிரிவு. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பாடம் ஆங்கிலம். எல்லார் கையிலும் அவென்யூ ரோடில் பாதி விலைக்கு வாங்கிய ஒரு கொஸ்டின் பேங்க் இருக்கும். முன்பு வைத்திருந்த புண்ணியவான் ‘இம்பார்ட்டன்ட்’ என்று மஞ்சள் பூசி வைத்திருப்பான்; இவர்கள் அந்த மஞ்சளை மட்டும் படிப்பார்கள். எஸ்.எஸ்.எல்.சி., பி.யு.சி. (இங்கே பிளஸ் டூவுக்கு அதுதான் பெயர்) காலத்திலேயே ‘பாஸிங் பேக்கேஜ்’ என்று பாஸாக மட்டும் போதுமான நாலு பக்கத்தைக் கொடுத்துப் பழக்கிவிட்ட பிறகு பிள்ளைகளை மட்டும் நொந்து என்ன பயன்?

போன பருவத்தில் ஒரு பையன் மூன்று நோட்டுகளையும் விரித்து வைத்திருந்தான். இயற்பியல் நோட்டில் அயோடின் 131: அரை ஆயுள் 8 நாள், 24 நாளில் எட்டில் ஒரு பங்கு மிஞ்சும் என்று சரியாகப் போட்டிருந்தான். வேதியியல் நோட்டில் மீதைல் அசிட்டேட்டை அமிலத்தில் சிதைத்து, அவ்வப்போது எடுத்து டைட்ரேட் செய்து, முதல் வகை வினைக்கான மாறிலியைக் கண்டுபிடித்த ஆய்வகக் கணக்கு. அதுவும் சரி. கணித நோட்டில் மாறிகளைப் பிரித்துத் தொகையிடும் முறை, பக்கம் பக்கமாக. எங்கும் ஒரு பிசகு கிடையாது. எனக்கு அப்போதுதான் காபி வந்தது. "85 டிகிரியில் இருக்கிற காபி 5 நிமிஷத்தில் 65-க்கு வந்துவிட்டது. அறை 25 டிகிரி. 45-க்கு வர மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டேன்.

"10 நிமிஷம் மிஸ்."

"யோசிச்சுச் சொல்லு."

கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தான். பிறகு கேட்டான்: "இது எந்த சாப்டர் மிஸ்?"

விடை சுமார் பதின்மூன்றரை நிமிடம். காபிக்கும் அறைக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் 60-லிருந்து 40 ஆக 5 நிமிடம் ஆனது, அதாவது மூன்றில் இரண்டாகக் குறைந்தது. அது 20 ஆக எவ்வளவு நேரம் என்பதே கேள்வி. இருப்பது எவ்வளவோ அதற்கு ஏற்ற வேகத்தில் குறையும் என்கிற அதே சமன்பாட்டை அவன் மூன்று நோட்டிலும் மூன்று தடவை தீர்த்திருக்கிறான். மின்தேக்கி மின்னிறக்கம் ஆவதற்கும் அதுதான். மூன்று இடத்திலும் தலைப்பு முன்னால் நின்று "இந்தச் சூத்திரத்தை எடு" என்று கைகாட்டியது. காபிக்குத் தலைப்பு இல்லை, பையன் நின்றுவிட்டான். இவன் மந்தமான பையனும் இல்லை, உள் மதிப்பீட்டில் வகுப்பிலேயே முதல்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. 2007-இல் அமெரிக்காவின் தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு நான்கு விதத் திண்மங்களின் கன அளவு காணக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு வகைவாரியாகப் பயிற்சி, இன்னொரு குழுவுக்கு அதே கணக்குகள் கலந்துகட்டி. பயிற்சியின்போது வகைவாரியாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60 சதவீதம். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தார்கள். முதல் குழு 20 சதவீதத்துக்கு விழுந்தது, கலந்து போட்டவர்கள் 63-இல் நின்றார்கள்.

அந்த 89-தான் நம்மை ஏமாற்றுகிறது. கலந்து கொடுக்க ஆரம்பித்த புதிதில் ஒரு அம்மா மாடியேறி வந்து, "என்ன டீச்சர், உங்ககிட்ட சேர்ந்தப்புறம்தான் தப்பு அதிகமா போடறான்" என்று சண்டைக்கே வந்துவிட்டார். நோட்டில் சிவப்பு மை கூடினால் பெற்றோருக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். புத்தகம் போடுபவர்களுக்கும் அது தெரியும். வாங்கியவன் மடமடவென்று பத்துக் கணக்கைச் சரியாகப் போட்டால் "நல்ல புத்தகம்" என்பான். கர்நாடகத்தில் 2021-இல் நான்காண்டு ஹானர்ஸ் படிப்பு வந்தது, 2024-இல் மறுபடி மூன்றாண்டு ஆனது. இரண்டு தடவையும் என் பிள்ளைகளிடம் இருந்த கொஸ்டின் பேங்கில் அட்டை மாறியது, உள்ளே அதே கணக்கு, அதே அச்சுப்பிழை.

எடுத்த எடுப்பில் கலக்கச் சொல்லவில்லை. புதிதாக ஒரு முறையைக் கற்கும்போது அதே வகையில் மூன்று, நான்கு போட்டுக் கை பழகத்தான் வேண்டும். அதற்குப் பிறகும் அதிலேயே சுற்றிக்கொண்டிருப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

விடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு புத்தகத்தில் (பெயர் வேண்டாம்) ஒன்று பை எக்ஸ் ஸ்கொயரை மைனஸ் 1 முதல் 1 வரை தொகையிட்டால் மைனஸ் 2 என்று அச்சிட்டிருக்கிறார்கள். எங்குமே பூஜ்யத்துக்குக் கீழே இறங்காத வளைவுக்கு எப்படி மைனஸில் பரப்பு வரும்? நடுவில் பூஜ்யத்தில் அது எல்லையில்லாமல் எகிறுகிறது, அந்தத் தொகைக்கு முடிவான மதிப்பே கிடையாது. இன்னொன்று, 10-இன் மைனஸ் 8 அடுக்கு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.ஹெச். என்ன? பிள்ளைகள் 8 என்பார்கள். 7-க்கு மேல் போனால் காரம். அமிலத்தைத் தண்ணீரில் விட்டால் அது காரமாகுமா? தண்ணீரே தரும் ஹைட்ரஜன் அயனியைச் சேர்த்துப் பார்த்தால் 6.98 வரும். சூத்திரம் தெரியாமல் 8 என்று எழுதுவதில்லை, வந்த விடையை ஒரு கணம் உற்றுப் பார்க்காததால் எழுதுகிறார்கள். உங்கள் இணைப்பிலோ பக்கத்தின் அடியில் தலைகீழாக ‘1-ஆ, 2-ஈ’ என்று நான்கு வரி. அதில் உற்றுப் பார்க்க என்ன இருக்கிறது?

எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி.களில் சேரவும், இங்கே நம்மூர் ஐ.ஐ.எஸ்சி.யின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.யில் சேரவும் ஜாம் தேர்வு எழுத வேண்டும். 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். எந்தக் கேள்வி எந்த சாப்டர் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். அதில் 20 கேள்விக்கு நான்கு விடைகளே கிடையாது, எண்ணைக் கண்டுபிடித்துத் தட்ட வேண்டும். வேறு 10 கேள்விக்குச் சரியான விடைகள் ஒன்றோ அதற்கு மேலோ இருக்கலாம், ஒன்றை விட்டாலும் மதிப்பெண் இல்லை. தலைப்பைப் பார்த்தே பழகியவர்கள் அங்கே போய் என்ன செய்வார்கள்?

ஆகவே வாரம் ஆறு கணக்கு போதும், மூன்று பாடத்திலிருந்தும் கலந்து, தலைப்பில்லாமல் போடுங்கள். விடையை அடுத்த வாரம், படிப்படியான வழிமுறையோடு வெளியிடுங்கள். எந்த இடத்தில் பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்குவார்கள் என்று இரண்டு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. மாதம் ஒரு தடவையாவது, தேவையான தகவல் ஒன்று விட்டுப்போன கணக்கைக் கொடுத்து "என்ன குறைகிறது?" என்று கேளுங்கள்.

தொடங்கி வைக்க ஒரு கேள்வி: ஆயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கும் நோய். பரிசோதனை, நோய் உள்ளவர்களில் 99 சதவீதம் பேருக்கு ‘உண்டு’ என்றும், இல்லாதவர்களில் 99 சதவீதம் பேருக்கு ‘இல்லை’ என்றும் சரியாகச் சொல்லும். ஒருவருக்கு ‘உண்டு’ என்று வந்திருக்கிறது. அவருக்கு உண்மையிலேயே நோய் இருக்க எத்தனை சதவீத வாய்ப்பு? வழிமுறையை எழுதி அடுத்த வாரத்துக்குள் தபாலில் சேர்த்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித விரிவுரையாளர்,
அல்சூர், பெங்களூரு.