கோயம்பேட்டு வாசலில் ஒரு கரும்பலகை

சென்னைக் குடிநீர் வாரியத்துப் பொறியாளர்களுக்கு,

வணக்கம். பேருந்து கோயம்பேட்டை நெருங்கும்போது கைக்குட்டை தானாக மூக்குக்குப் போகிறது. சந்தைக் குப்பையா, கூவமா, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. திட்டு மூன்றுக்கும் பொதுவாக விழுகிறது. அவற்றில் ஒன்று மட்டும் நாற்றத்தைக் குறைக்க ராப்பகலாக ஓடுகிறது என்பதை நீங்களும் வெளியே சொல்வதில்லை.

முதலில் நாளுக்கு 3.4 கோடி லிட்டர் கொள்ளும் நிலையம். 2005இல் 6 கோடி லிட்டருக்கு இன்னொன்று. அப்புறம் 12 கோடிக்கு மூன்றாவது. ஊர் பெருக்கப் பெருக்கத் தொட்டியும் பெருகியது, அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது கசடுத் தொட்டி. மாவு புளிப்பதுபோல மூடிய தொட்டிக்குள், கழிவுநீரிலிருந்து படிந்த கசடு நொதிக்கிறது. கிளம்பும் மீத்தேனில் எந்திரம் ஓடி நிலையத்துக்கே மின்சாரம் தருகிறது.

உண்மையான திருப்பம் 2019. ஏரிகள் வறண்டு வெடித்துக் கிடக்க, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருஷம். அதே வருஷம்தான் கோயம்பேட்டில் நாளுக்கு நாலரைக் கோடி லிட்டர் தரும் ஆர்.ஓ. ஆலை திறந்தது, நீரை அழுத்திச் சவ்வு வழியே தள்ளி உப்பையும் வடிக்கும் ஆலை. நிலையத்தில் ஏற்கெனவே சுத்திகரித்த கழிவுநீர் மணல் வடிகட்டி, நுண்சவ்வு, ஆர்.ஓ. என்று தாண்டி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் போகிறது. அங்கே போகும் ஒவ்வொரு லிட்டரும் ஏரியில் மிஞ்சும் ஒரு லிட்டர். வடசென்னையில் மணலி ஆலைகள் கொடுங்கையூர்க் கழிவுநீரை 90களிலேயே வாங்கிச் சுத்திகரிக்கத் தொடங்கிவிட்டன. கோயம்பேடு அந்தப் பாடத்தைப் படிக்கக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது!

சரி, கேள்விக்கு வருகிறேன். 21.4 கோடி லிட்டர் கொள்ளளவில் ஆர்.ஓ. தருவது நாலரைக் கோடிதான். மீதியில் பெரும்பகுதி கூவத்துக்கு. அந்த நீரில் பி.ஓ.டி. லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் சொன்னது. பி.ஓ.டி. என்பது நீரிலுள்ள அழுக்கைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜனின் அளவு. கூடினால் மீனுக்கு மூச்சு முட்டும். விரிவாக்கம் என்றாலே நீங்கள் கோடி லிட்டரில்தான் கணக்குச் சொல்கிறீர்கள். இந்த பி.ஓ.டி. எண்ணை எங்கே பார்ப்பது?

கணினித் திரையெல்லாம் வேண்டாம். வாசலில் ஒரு கரும்பலகை போதும். நேற்று உள்ளே வந்த நீர், வெளியே போன நீர், இரண்டின் பி.ஓ.டி., தேதி, தமிழில், சாக்பீஸால். தயவுசெய்து அலுவலகப் பக்கம் மாட்டாதீர்கள். பேருந்தில் போகிறவர் கண்ணில் படும்படி சாலைப் பக்கம் மாட்டுங்கள்.

இப்படிக்கு,
மூக்கைப் பொத்திக்கொண்டு தினமும் கடக்கும் ஒரு பயணி