ஸ்லைடையும் ஒரு பார்வை பாருங்கள்

ஆசிரியருக்கு,

மழை தொடங்கினால் தாராவியில் மலேரியாவும் வந்துவிடும். தங்கை மகனுக்கு, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் (தட்டணு) வெறும் 28 ஆயிரம் என்று ரிப்போர்ட் வந்ததும் வீடே கதிகலங்கிப் போனது. தங்கை வீட்டுக்காரர் ரத்த வங்கிக்கே கிளம்பிவிட்டார். லேபில் வேலை பார்த்தவள் நான். முதலில், ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஸ்லைடைப் பார்க்கச் சொன்னேன். தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடந்தன. ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்த்திருக்கும் இ.டி.டி.ஏ. என்ற ரசாயனம் சிலர் ரத்தத்தில் இப்படிச் செய்யும். கொத்தாகிப் போனதை மெஷின் சரியாக எண்ணாது. சிட்ரேட் என்ற வேறு ரசாயனம் உள்ள நீல மூடி டியூபில் மறுபடி எடுத்தால், 90 ஆயிரம்!

மலேரியாவில் தட்டணு குறைவது சகஜம்தான். ஆனால் உருவ அளவை வைத்து எண்ணும் மெஷின், உடைந்த சிவப்பணுத் துண்டுகளையும் தட்டணுக் கணக்கில் சேர்த்துக் கூட்டிக் காட்டுவதும் உண்டு. உண்மையான குறைவு மறைந்துபோகும்; அது இன்னும் ஆபத்து. மலேரியா ஒட்டுண்ணியைத் தேட எப்படியும் ஸ்லைடில் ரத்தத்தைத் தடவி ஸ்மியர் போடுகிறார்கள். அதிலேயே தட்டணுவையும் பார்த்து ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுத என்ன கஷ்டம்?

- ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன், தாராவி, மும்பை